ஜெயாவிடம் நீதான் பேச வேண்டும்

மல்லேஸ்வரம், பெங்களூரு
ஞாயிறு மதியம்

அன்புள்ள கங்காரு,

இரண்டு கடிதங்களுக்குப் பதில் போடவில்லை என்ற உன் திட்டு வந்து சேர்ந்தது. நியாயமான திட்டு, வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு முதுகுவலி, எனக்கு இவர். மழை விடவில்லை. விசாரிப்பு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேனடி. நம் பிப்பெட் பரமசிவம் செய்ததைவிடப் பெரியது.

ஜெயாவின் பையன் கார்த்திக் இப்போது மாநில அளவில் பாட்மிண்டன் ஆடுகிறான். ஆறு மாதமாகத் தோள்பட்டைத் தசைநாணில் வலி. கூட ஆடும் எந்த மகானுபாவனோ ஒரு மருந்தைக் கைகாட்டியிருக்கிறான். பெப்டைடு வகை, அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சங்கிலி. போன மாதம் ஜெயா அதில் ஒரு குப்பியை டிபன் டப்பாவில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே வைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. சாம்பல் நிற ரப்பர் மூடி, அடியில் சுண்ணாம்பு தடவியதுபோல் ஒரு வெள்ளைப் படலம். லேபிளில் பி.பி.சி-157 5 மில்லிகிராம், டி.பி-500 5 மில்லிகிராம், கலவை. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில், ஆய்வுக்கூடப் பயன்பாட்டுக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல.

"இதைப் படித்தாயா?" என்று கேட்டேன்.

"சட்டத்துக்காகப் போடுவதாம். நீதான் நாள் முழுக்கப் பெப்டைடுகளோடு மாரடிக்கிறாயே, உள்ளே இருப்பது அசல்தானா என்று பார்த்துச் சொல்லேன். அதுகூட முடியாதா உன்னால்?"

முடியாதா என்று கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். வியாழக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு மூலக்கூறை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு துளி வைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. இதை உனக்கு எழுதும்போதே கை கூசுகிறது. திரையில் 1419-க்கு நேரே ஒன்று, 4963-க்கு நேரே ஒன்று, கோயில் தூண்போல இரண்டு கோடுகள் எழுந்து நின்றன. முதலாவது 15 அமினோ அமிலங்கள் கொண்ட பி.பி.சி. அடுத்தது 43 கொண்ட தைமோசின் பீட்டா-4. டி.பி-500 என்ற பெயரில் அதன் 7 அமினோ அமிலத் துண்டையும் விற்கிறார்கள், அதுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். முழுசாகவே இருந்தது. அட, போலி இல்லையே என்று எனக்கே ஒரு கணம் சந்தோஷம். ஜெயாவைப் போனில் அழைத்து, "போட்டிருப்பதுதான் இருக்கிறது" என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வீட்டில் நற்சான்றிதழ் ஆகிவிட்டது. நேற்றுப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே நான்கு குப்பிகள். பாட்டிக்கு வாங்கும் இன்சுலின் ஊசிகளில் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறானாம். "சித்தியே பார்த்துச் சொல்லிவிட்டீர்கள், அம்மாவுக்கு இப்போது பயமே இல்லை" என்று சிரிக்கிறான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த இயந்திரம் மூலக்கூறின் எடையைத்தான் சொல்லும். எது எவ்வளவு இருக்கிறது என்பதைக் கோட்டின் உயரத்தை வைத்துச் சொல்ல முடியாது. செத்த பாக்டீரியா விட்டுப்போகும் நச்சு அதன் கண்ணில் படாது. அந்தக் குப்பிகளோடு 99 சதவீதம் தூய்மை என்று ஒரு தாளும் வருகிறது. தூளில் தண்ணீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பது அந்தக் கணக்கில் வராது. அதோடு இரண்டு பொருளுக்கு ஒரே 99 என்றால் என்ன அர்த்தம்? ஐந்துக்கு ஐந்தாக இருந்தாலும் எட்டுக்கு இரண்டாக இருந்தாலும் 99தான்.

நாங்களும் பெப்டைடுகளைக் கலக்கிறோம். இயந்திரத்தைச் சரிபார்க்க ஆஞ்சியோடென்சின், பிராடிகினின் எல்லாம் சேர்ந்த கலவை உண்டு, தராசுக்கு எடைக்கல் மாதிரி. அடுத்த அறையில் வைரஸ் புரதத்தைப் பதினைந்து பதினைந்து அமினோ அமிலமாக நறுக்கி, அத்தனையையும் ஒன்றாக்கி ரத்த அணுக்களின் மேல் விடுகிறார்கள். தப்பினால் ஒரு தட்டு வீண். இங்கே ஒரு குத்தலில் இரண்டு வேலை என்பதற்காகக் கலந்திருக்கிறார்கள். நாளைக்கு அவனுக்குத் தடிப்பு வந்தால் எதனால் என்று யார் பிரித்துச் சொல்வது?

தசைநாண் என்றாலே உன் செமினார்தான் நினைவு வருகிறது. ஜி.என். ராமச்சந்திரன் சென்னையில் இருந்துகொண்டு, கங்காரு வாலின் தசைநாணை வைத்து, அதை ஆக்கும் கொல்லாஜன் புரதத்தின் மூவிழைச் சுருளைச் சொன்னதை, எங்கள் மூன்று பேர் பின்னலையும் சேர்த்து முறுக்கிக் காட்டினாயே! ஜெயா வலியில் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அதே கொல்லாஜன்தான் இப்போது அவள் பையன் தோளில் பிரச்சினை. எலிகளின் அறுந்த தசைநாண் பி.பி.சி.யால் சீக்கிரம் சேர்ந்தது என்று ஆய்வுகள் இருக்கின்றன, இல்லை என்று நான் சொல்லவில்லை. முழுப்பொய்யாக இருந்தால் ஒரே பேச்சில் முடித்திருப்பேன். மனிதர்களிடம் செய்து பார்த்தது மிகச் சொற்பம்.

இன்னொன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இரண்டுமே உண்டு, பி.பி.சி. 2022-இல் சேர்ந்தது. சொன்னதும் பையன் முகம் மாறியது. பிறகு, "மாநில அளவில் யார் சித்தி சோதிக்கிறார்கள்?" என்றான். அவன் மாநில அளவிலேயே நின்றுவிடவா ஜெயா காலை நாலரைக்கு எழுந்து வண்டி ஓட்டுகிறாள்?

ஜெயாவிடம் நான் பேசினால் எடுபடவில்லை. "வேண்டாம் என்றால் முதலில் ஏன் பார்த்துச் சொன்னாய்?" என்கிறாள். பதில் இல்லை என்னிடம். விடுதி நாளிலிருந்து அவள் பயப்படுவது உனக்கு ஒருத்திக்குத்தான். புதன்கிழமை அடுத்த பெட்டி வருகிறது, அதற்குள் போன் செய். எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிக்கும் ஒழுங்காகப் போகச் சொல். திட்டாமல் பேசு. முடியாது என்று தெரியும், முயற்சியாவது செய்.

நாளை காலை முதல் வேலையாகப் பதிவேட்டை எடுத்து அந்த வியாழக்கிழமைக்கு நேரே எழுதிவிட்டு, மேலதிகாரியிடமும் சொல்லப்போகிறேன். 'மாதிரி யாருடையது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
சுகந்தி