இறங்கிய ஐடி பங்கை இன்னும் வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐடி பங்குகள் இறங்கிக் கிடக்கின்றன, வாங்கிப் போடலாம் என்று வணிகப் பக்கத்தில் யாராவது எழுதினால் போதும், எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் காலை நடைக்கு வருகிறவர்களில் நாலு பேர் அன்றைக்கே 'ஆவரேஜ்' பண்ண, அதாவது இறங்கிய பங்கையே இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டிசிஎஸ் 2024இல் 4,500 ரூபாயைத் தாண்டியது, 2025இல் 3,000க்கும் கீழே போய் வந்தது. 4,200க்கு 100 பங்கு வாங்கியவர் 3,000க்கு இன்னொரு 100 வாங்கினால் சராசரி விலை 3,600. அப்பாடா, நஷ்டம் பாதியாகிவிட்டது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: முன்பு 100 பங்குக்கு 1,200 வீதம் நஷ்டம் 1,20,000, இப்போது 200 பங்குக்கு 600 வீதம், அதே 1,20,000. கூடுதலாக 3 லட்சம் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவுதான். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியவே தெரியாது. கையில் அந்தப் பங்கு ஒன்றுகூட இல்லை, ரொக்கம் மட்டும் இருக்கிறது என்றால் இன்றைய விலைக்கு இதை வாங்குவோமா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும்.

கம்பெனி நல்ல கம்பெனிதானே என்பார்கள். சரி, இணையக் கருவிகள் செய்யும் அமெரிக்காவின் சிஸ்கோவும் நல்ல கம்பெனிதான். 2000 மார்ச்சில் 80 டாலருக்கு விற்ற அந்தப் பங்கு மறுபடி அந்த விலையைப் பார்க்க 25 வருஷம் ஆனது. நம் சென்னையின் டிஎஸ்க்யூ சாப்ட்வேர், பென்டாமீடியா எல்லாம் பங்கு மோசடியில் சிக்கிய தரகர் கேதன் பரேக் காலத்தில் ஏறிய ஏற்றம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும், இறங்க இறங்க வாங்கிச் சேர்த்தவர்கள் கதி என்ன ஆனது என்பதும்தான். மொபைல் பணப் பரிமாற்றக் கம்பெனியான பேடிஎம் 2021 நவம்பரில் பங்கு 2,150 ரூபாய் என்று முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது, 2024 மே மாதம் 300 சொச்சம். அந்த அடிமட்டத்தில் வாங்கியவர் நன்றாகச் சம்பாதித்தார், வாஸ்தவம். ஆனால் 1,500க்கும் 1,000க்கும் 'இதுதான் அடிமட்டம்' என்று வாங்கியவர்களிடம் அதற்குள் காசு தீர்ந்துவிட்டது.

டிசிஎஸ், இன்போசிஸ் போன்றவற்றை இந்த வரிசையில் வைக்க முடியாது. லாபம் இருக்கிறது, டிவிடெண்ட் வருகிறது, இன்போசிஸ் 2025இல் 18,000 கோடிக்குத் தன் பங்கையே திரும்ப வாங்குவதாக அறிவித்தது. வைத்திருப்பவர் பதறி விற்க வேண்டியதில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். இன்னும் வாங்குவது வேறு விஷயம், ஏனென்றால் நம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பிள்ளைகள் சென்னை ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ ஐடியில் இருக்கிறார்கள். மகன் சம்பளம் அதில், அவன் வாங்கிய பிளாட்டின் வீட்டுக் கடன் அந்தச் சம்பளத்தில், அப்புறம் அப்பாவின் கிராஜுவிட்டியும் அதே தொழிலின் பங்கில் என்றால் எப்படி? டிசிஎஸ் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னதும், நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகும் எச்1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்கா கட்டணம் போட்டதும் 2025இல் இரண்டே மாத இடைவெளியில் நடந்தன. அந்த மாதிரி நாளில் வேலையும் பங்கும் சேர்ந்தே ஆட்டம் காணும். இந்த வீடுகளுக்கு ஐடி பங்கு ஏற்கெனவே போதும், மிச்சப் பணத்துக்கு அஞ்சலகத் திட்டம் இருக்கிறது.

இன்னொன்று. 'விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும்' என்று தேறாத பங்கைக் கட்டி அழுபவர்கள் கவனிக்க: விற்ற நஷ்டத்தை, வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், 8 வருஷம் வரை பிற்கால மூலதன லாபத்தில், அதாவது பங்கு, சொத்து விற்றுக் கிடைக்கும் லாபத்தில், கழித்துக்கொள்ளலாம் (நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான்). விற்காமல் வைத்திருந்தால் அதுவும் கிடையாது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பங்கை வாங்கலாம் என்று எழுதுகிற நிபுணர் தன் கையில் அதை வைத்திருக்கிறாரா, எந்த விலைக்கு வாங்கினார் என்பதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரி போடுங்களேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.