கோலும் கொடுத்தாள், சீட்டும் கொடுத்தாள்

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை இரவு என்ன ஆனது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். போல் வால்ட், அதாவது நீளமான கோலை ஊன்றிக் குறுக்குக் கம்பியைத் தாண்டும் போட்டிக்கான நம் பிள்ளையின் கோல்கள் வந்து சேரவில்லை. அதை விரிவாக இன்னொரு முறை எழுத மனம் வரவில்லை. பிள்ளைகள் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள், சனிக்கிழமை காலை கான்ஃபரன்ஸ் (பல கல்லூரிகள் சேர்ந்த கூட்டமைப்பு) உள்ளரங்கத் தடகளப் போட்டியில் களம் இறங்கினார்கள், ஞாயிறு மாலை புள்ளிப் பட்டியலில் நம் கல்லூரியின் பெயரும் இருந்தது. அது தானாக நடந்துவிடவில்லை. கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, தன் கோல்களை நம் பிள்ளைக்கு இரவல் கொடுத்த, எதிரணிக் கல்லூரியின் போல் வால்ட் மாணவி ஒருத்திக்கு. அவளுக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். அவள் செய்தது என்ன என்பதை நம்மவர்களும் முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

போல் வால்ட்டில் கோலை இரவல் கொடுப்பது புதிதல்ல. சொந்தக்காரர் சம்மதித்தால் ஒருவர் கோலை இன்னொருவர் பயன்படுத்த விதியிலேயே இடம் உண்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரேசிலின் ஃபாபியானா முரேரின் கோல்களில் ஒன்று காணாமல் போனது நினைவிருக்கலாம். மற்ற கோல்கள் அவர் கையில் இருந்தன. ஆனாலும் அந்த உயரத்துக்கென்று வைத்திருந்த கோல் இல்லாமல் போனதே பெரிய அடியாகிவிட்டது. கோல் என்றால் ஏதோ ஒரு கோல் அல்ல என்பது அதிலிருந்தே தெரியும்.

ஒவ்வொரு கோலிலும் நீளமும் எடையும் எழுதியிருக்கும். "13 அடி, 145" என்றால் 3.96 மீட்டர் நீளம், 145 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 66 கிலோ எடைக்கென்று தரப்படுத்திய கோல். இன்னொரு எண்ணும் உண்டு: 50 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் கோல் எத்தனை சென்டிமீட்டர் வளைகிறது என்பது. அந்த எண் குறையக் குறைய விறைப்பு கூடும். அளக்கும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், ஒரு நிறுவனத்தின் எண்ணை வைத்து இன்னொரு நிறுவனத்தின் கோலைக் கணிக்க முடியாது.

கோல் மிகவும் இளகியதாக இருந்தால் அதிகமாக வளைந்துவிடும். இடுப்பு மேலே ஏறும் முன்பே உடம்பு மெத்தையின் உட்பக்கம் போய்விடும், குறுக்குக் கம்பி விழும். பெரும்பாலும் அதனால் போவது ஒரு முயற்சி. விறைப்பு கூடினால் ஆபத்து அதிகம். கோல் நிமிராது, தாண்டுபவரை வந்த வழியிலேயே, கோலை ஊன்றும் பெட்டியின் பக்கமாகவோ ஓடுபாதையின் மேலோ தள்ளிவிடும். மோசமான காயங்கள் பல அப்படித்தான் ஏற்படுகின்றன. பழக்கமில்லாத கோலைக் கைக்குக் கொண்டுவர, பயிற்சியில் பல தாண்டுதல்கள் தேவை. அன்று அதற்கு நேரமில்லை. போட்டி தொடங்கிவிட்டால் ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம்தான், தொடர்ந்து மூன்று தவறினால் வெளியே.

அந்தப் பெண் மூன்று கோல்களைக் கொண்டுவந்து சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாலே காலத்துக்கும் நன்றி சொல்லியிருப்போம். போனவள் ஓர் அஞ்சலட்டை அளவுச் சீட்டோடு திரும்பி வந்தாள். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு வரி எழுதியிருந்தாள். "13 அடி 145: பிடி 12 அடி 4 அங்குலம். 12 ஸ்டெப். தொடக்கக் குறி 79 அடி. தூண் 60." பிடி என்றால் கோலில் கை பிடிக்கும் உயரம்; ஸ்டெப் என்றால் ஓடிவரும் காலடிகள்; தொடக்கக் குறி என்றால் ஓட்டம் தொடங்கும் இடம். தூண் 60 என்றால், பெட்டியின் பின்விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டர் மெத்தைப் பக்கமாகக் குறுக்குக் கம்பி இருக்கும்படி, கம்பியைத் தாங்கும் தூண்களை நகர்த்தச் சொல்ல வேண்டும். கல்லூரிப் போட்டிகளில் இதை 45 முதல் 80 வரை கேட்கலாம். அடியில் இன்னும் இரண்டு வரிகள். இங்கே ஓடுபாதை உயர்த்திக் கட்டிய மரப்பலகை, கால் எம்பும், காலடி நீளும். குறியை அரை அடி பின்னால் வை. மெத்தையில் ஆழமாக விழுந்தால் தூணை 80 பக்கம் தள்ளு. பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தால் அடுத்ததைத் தாண்டாதே, பிடியை இறக்கு அல்லது கோலை மாற்று.

அந்தக் கடைசி வரி எங்களை உலுக்கிவிட்டது. போட்டியைத் தாண்டி நம் பிள்ளையின் உடம்பைப் பற்றி யோசித்து எழுதிய வரி அது. இந்தத் தகவலெல்லாம் ஒரு தாண்டுநர் பல பருவங்கள் தவறித் தவறிச் சேர்ப்பது. அதை அன்றைக்கே தனக்கு எதிராக நிற்கப் போகிறவள் கையில் கொடுத்தாள்.

புள்ளிக் கணக்கையும் சொல்ல வேண்டும். கான்ஃபரன்ஸ் போட்டியில் முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். கடைசியில் நம் பிள்ளையும் கோல் கொடுத்தவளும் ஒரே உயரத்தில் நின்றார்கள். அந்த உயரத்தை நம் பிள்ளை முதல் முயற்சியிலேயே தாண்டியிருந்தாள், அவள் இரண்டாவதில். எனவே நம் பிள்ளைக்கு நான்காம் இடம், 5 புள்ளிகள்; அவளுக்கு ஐந்தாம் இடம், 4 புள்ளிகள். அவளுடைய கோலாலேயே அவளுடைய அணிக்கு ஒரு புள்ளி போனது. முடிவை அறிவித்ததும் முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தவள் அவள்தான்.

மற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்கிறோம். 5000 மீட்டரில், 200 மீட்டர் தடத்தின் 25 சுற்றுகளையும், ஒரு சுற்று பின்தங்கியவர்களையும் குழப்பமில்லாமல் எண்ணிச் சொன்ன தன்னார்வலர்கள்; வாசலில் ஓட்டக் காலணிகளின் நீளமான ஆணிகளைக் கழற்றி 6 மில்லிமீட்டர் கூம்பு ஆணிகளை மாட்டிக் கொடுத்தவர்; கணுக்காலுக்குக் கட்டுப் போட்ட சிகிச்சையாளர்; இரவு முழுக்கத் தூங்காத ஓட்டுநர்; நார்ச்சத்தும் எண்ணெயும் குறைவாக, போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே தயிர்சாதமும் வாழைப்பழமும் கொண்டுவந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள். அக்கா, அண்ணா, உங்களுக்குத் தனித்தனியாகச் சொல்லித் தீராது.

கான்ஃபரன்ஸ் போட்டி என்பது மார்ச்சில் வரும் தேசியப் போட்டிக்கு ஒத்திகை என்று சிலர் நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 2019இல் 19 வயது போல் வால்ட் வீரர் டுப்லான்டிஸ் 5.92 மீட்டர் தாண்டி உள்ளரங்கக் கல்லூரிச் சாதனை படைத்தது ஃபேயட்வில் நகரில் நடந்த எஸ்.இ.சி. என்னும் கான்ஃபரன்ஸின் உள்ளரங்கப் போட்டியில்தான். 2021இல் அதே ஊரில், அதே கான்ஃபரன்ஸ் போட்டியில், 18 வயது ஓட்ட வீராங்கனை அதிங் மூ 800 மீட்டரை 1:58.40இல் ஓடினார். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர், 2018இல் ஏம்ஸ் நகரில் பிக் 12 என்னும் கான்ஃபரன்ஸின் போட்டியில் உயரம் தாண்டுதலில் 2.28 மீட்டர் தாண்டினார். அணிக்காகப் புள்ளி சேர்க்கும் நெருக்கடியில், ஒரே வாரயிறுதியில் இரண்டு மூன்று பிரிவுகளில் நின்றுகொண்டு பிள்ளைகள் இப்படித் தாண்டுகிறார்கள், ஓடுகிறார்கள். டிவிஷன் 3 என்னும் நம் சிறு கல்லூரிகள் பிரிவில் உயரமும் வேகமும் வேறு. நெருக்கடி அதேதான்.

நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த பருவத்திலிருந்து, நம் கல்லூரி நடத்தும் ஒவ்வொரு போட்டியிலும் ஒரு பொதுக் கோல் பை இருக்கும். தொடக்கத்துக்கு 12 அடி 130, 12 அடி 6 அங்குலம் 140, 13 அடி 150 என்று மூன்று கோல்கள். அடிமுனைக்கு மாற்று ரப்பர் முளை, பிடிப் பட்டை, கையில் பூசும் சாக் (chalk) பொடி. ஒவ்வொரு கோலிலும் பிடி, ஸ்டெப், குறி, தூண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். போட்டிக்கு முன் ஒவ்வொரு கோலையும் நகத்தால் நீளவாக்கில் தடவிப் பார்ப்போம். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்தக் கோலைப் பையில் வைக்க மாட்டோம். கீறலிலிருந்துதான் கண்ணாடி இழை பிளக்கத் தொடங்கும்.

பை ஓடுபாதையின் தொடக்கத்தில், சுவரோரம் இருக்கும். எங்கள் சம்மதத்தை முன்கூட்டியே நடுவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவோம். எந்தக் கல்லூரிப் பிள்ளையானாலும் எங்களைத் தேட வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
தடகளப் பிள்ளைகளின் தமிழ்ப் பெற்றோர்கள், ஓஹையோ