ஜன்னலால் கேட்ட கோல்

பீலஃபெல்ட்,
28.06.2025

அன்பின் மச்சான் ராசன்,

உன்ரை கடிதம் வந்து மூண்டு கிழமையாச்சு. பதில் பிந்தினதுக்குக் காரணம் எண்டு சொல்ல ஒண்டுமில்லை, சோம்பல்தான். கண் ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சது எண்டு எழுதியிருந்தாய். நீ எழுதாட்டிலும் எனக்கு விளங்கியிருக்கும். முந்தின கடிதத்தில ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான், ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. இந்த முறை பொடியெழுத்து. இனி நான்தான் கண்ணாடி தேடவேணும்.

இஞ்சை பெரிய புதினம் ஒண்டுமில்லை. எனக்குப் பென்சனுக்கு இன்னும் ஒண்டரை வருசம். மனுசிக்கு முழங்கால் நோ. வீட்டுப் படி ஏற ஏலாது எண்டுவா, ஆனால் கோயிலெண்டால் எனக்கு முன்னாலை நடப்பா. போன மாதம் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மனிட்டைப் போனனாங்கள். வெளி வீதியில வேட்டியோடை நிண்ட ஒரு சின்னப் பெடியன்ரை கழுத்தில சால்வை கிடந்துது. பட்டுச் சால்வை இல்லை மச்சான், கறுப்பு வெள்ளை நீலம். எங்கடை ஊர்க் கால்பந்துக் கிளப் அர்மீனியாவின்ரை சால்வை. தாய் கழட்டச் சொல்லுறா, அவன் மாட்டன் எண்டு நிக்கிறான். அம்மன் ஒண்டும் நினைக்கமாட்டா எண்டு நான் போய்ச் சொல்லிப்போட்டு வந்தனான்.

நீ ரெண்டு விசயம் கேட்டிருந்தாய். பயேர்ன் மியூனிக் இருக்க, பேர் தெரியாத கிளப் ஒண்டைப் பற்றி ஏன் பக்கம் பக்கமா எழுதிறாய் எண்டது ஒண்டு. மற்றது உங்கடை ஊர்க் கிண்ணத்துக்குக் குலுக்கல் எப்பிடிப் போடுறது எண்டு கொமிற்றிக்குள்ளை நடக்கிற இழுபறி. ரெண்டுக்கும் மறுமொழி ஒண்டுதான். அதைத்தான் இந்தக் கடிதத்தில எழுதப்போறன்.

பயேர்னை முதல் முடிப்பம். ஜேர்மன் கிண்ணத்தை அவங்கள் 20 தரம் எடுத்திருக்கிறாங்கள், வேறை ஒருத்தரும் கிட்டவும் இல்லை. ஆனால் 2020க்குப் பிறகு அந்தக் கிண்ணம் அவங்கடை கைக்குப் போகேல்லை. இந்த முறை டிசம்பரிலயே லெவர்கூசனிட்டை 0–1 எண்டு வெளியாலை. கோல்காப்பாளன் நொயர் 17ஆம் நிமிசமே சிவப்பு மட்டை வாங்கிக்கொண்டு போனான், அவன்ரை வாழ்க்கையில அதுதான் முதல் சிவப்பு. பயேர்ன் கதை அவ்வளவுதான். அந்த லெவர்கூசனை ஞாபகத்தில வைச்சிரு, பிறகு வருவான்.

அர்மீனியா பீலஃபெல்ட் 1905இல தொடங்கின கிளப். கி.பி. 9இல ரோமப் படையை ரொயிற்றபேர்க் காட்டுக்குள்ளை வைச்சு நொருக்கின ஆர்மினியுஸ் எண்டவன்ரை பேரைத்தான் வைச்சவை. அந்தக் காடு எங்கடை ஊர்க் கரையிலதான். அவனும் ரோமனைத் தன்ரை திடலுக்குக் கூட்டிக்கொண்டு வந்துதான் அடிச்சவன், கவனி. கிளப் ஒண்டும் புனிதப் பசு இல்லை. 1971இல ஆட்டம் விலைக்கு வாங்கிப் பிடிபட்டு, அடுத்த பருவத்தில எடுத்த புள்ளி ஒண்டும் கணக்கில இல்லை எண்டு கீழை தள்ளுப்பட்டவை. கிட்டடியிலயும் 2022இல முதல் பிரிவால விழுந்து, அடுத்த வருசமே ரெண்டாம் பிரிவாலயும் விழுந்து, மூண்டாம் பிரிவில 14ஆம் இடத்தில கிடந்தவை. ஊருக்கும் ஒரு பகிடி உண்டு. பீலஃபெல்ட் எண்டு ஒரு ஊரே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை எண்டு 1994இல கீல் நகரத்து மாணவன் ஒருத்தன் இணையத்தில எழுதிவிட்டது, இண்டைக்கும் முடியேல்லை. நகரசபை 2019இல, இல்லையெண்டு நிரூபிக்கிறவைக்குப் பத்து லட்சம் யூரோ தாறம் எண்டு சொல்லிப் பார்த்தது. ஒருத்தருக்கும் கிடைக்கேல்லை. முப்பத்தெட்டு வருசமா இல்லாத ஊருக்கு நான் வரி கட்டிக்கொண்டு இருக்கிறன்.

இனிக் குலுக்கல். இதைக் கொமிற்றியில வாசிச்சுக் காட்டு.

மொத்தம் 64 அணி. முதல் ரெண்டு பிரிவிலயும் இருக்கிற 36 கிளப்பும் உள்ளுக்கு. மூண்டாம் பிரிவில முதல் நாலு இடம். மிச்சம் 24 இடமும் மாநிலச் சங்கங்கள் வழியா வாறவைக்கு, பெரும்பாலும் அந்தந்தச் சங்கத்தின்ரை கிண்ணத்தில வெண்டவை. அர்மீனியாவும் வெஸ்ற்பாலியாக் கிண்ணத்தாலைதான் உள்ளுக்கு வந்தது, 14ஆம் இடக்காரனுக்கு வேறை வாசல் இல்லை. ஒரேயொரு ஆட்டம், தோத்தால் வீடு. முதல் சுற்றுக்கு ரெண்டு சட்டி. ஒண்டில பெரியவை, மற்றதில சின்னவை. சின்னவையின்ரை சட்டியால ஆர் வந்தாலும் ஆட்டம் அவன்ரை திடலில. பிறகு வாற சுற்றுகளிலயும் மூண்டாம் பிரிவோ அதுக்குக் கீழையோ இருக்கிறவன், மேல்ரெண்டு பிரிவுக்காரனோடை மாட்டினால் பெரியவன்தான் பஸ் ஏறி வரவேணும். அரையிறுதி வரைக்கும் இதுதான் நடைமுறை.

‘கிண்ணத்துக்கெண்டு தனிச் சட்டம் இருக்கு’ எண்டு இஞ்சை ஒவ்வொரு அதிர்ச்சி முடிவுக்குப் பிறகும் ரீவியில சொல்லுவாங்கள், ஏதோ தெய்வச் செயல் மாதிரி. எனக்கு அதைக் கேட்டால் எரிச்சல். தனிச் சட்டம் இருக்குத்தான், அது தாளில எழுதிக் கிடக்கு, ஆரின்ரை திடல் எண்டு.

எங்கடை திடல் ஞாபகம் இருக்கே? வடக்குப் பக்கம் மேடு, கிணத்தடி மூலையில மணல். பட்டினத்திலயிருந்து வந்த அணி, பளபளக்கிற பூட்சோடை, அந்த மூலைக்கு ஓடின ஒவ்வொரு முறையும் கால் புதைஞ்சு நிண்டதும், நீ வெறுங்காலோடை பந்தைக் கொண்டுபோனதும். அண்டைக்கு அந்த ஆட்டம் அவங்கடை திடலில நடந்திருந்தால் ஆறு கோல் வாங்கியிருப்பம். அடுத்த வருசம் போய் வாங்கினமும்தானே.

சரி, அர்மீனியாக் கதை. முதல் சுற்றில ஹனோவர், 2–0. ரெண்டாம் சுற்றில ஊனியோன் பேர்லின், 2–0. பிறகு ஃபிறைபேர்க், 3–1. காலிறுதியில வெர்டர் பிறேமன், 2–1. ஹனோவரை விட்டால் மிச்சமெல்லாம் முதல் பிரிவு. எல்லாம் ஆல்ம் மைதானத்தில. ஆல்ம் எண்டால் மலை மேய்ச்சல் நிலம் எண்டு அர்த்தம், ஆனால் இப்ப குடியிருப்பு வீடுகளுக்கு நடுவில கிடக்கு. ஆட்டம் இல்லாத நாளில அதைத் தாண்டித்தான் சனம் பாண் வாங்கப் போகும்.

அரையிறுதிக்கு வந்தவன் லெவர்கூசன். கிண்ணம் அப்ப அவன்ரை கையில. அதுக்கு முந்தின பருவம் லீக்கிலயும் கிண்ணத்திலயும் ஒரு ஆட்டமும் தோக்காதவன். நாள் ஏப்பிரல் 1. ரிக்கெற்றுக்கு நான் அலைஞ்ச அலைச்சலை எழுதினால் உனக்குத் தபால் செலவு கூடும். கிடைக்கேல்லை. என்னோடை வேலை செய்யிறவன் ஒருத்தன்ரை மகன் ஆல்முக்குப் பின் தெருவில மூண்டாம் மாடியில இருக்கிறான். அங்கை போனம், ஒன்பது பேர், ஒரு சோபா, ரெண்டு கதிரை. பெடியன் இணையத்தாலைதான் ஆட்டம் பார்க்கிறவன். குளிர் எண்டு ஜன்னலை மூடி வைச்சிருந்தான். சிகரெட் குடிக்க ஒருத்தன் அதைத் திறந்தபடியால்தான் எங்களுக்கு விசயம் தெரிய வந்துது. ரீவி, மைதானத்துக்கு அரை நிமிசம் பின்னாலை ஓடிக்கொண்டிருக்கு.

அதுக்குப் பிறகு ஜன்னலை மூட ஒருத்தரும் விடேல்லை. சனத்தின்ரை பாட்டு வந்துகொண்டே இருந்துது. திடீரெண்டு நிண்டுபோச்சு. கொஞ்சம் தள்ளி ஒரு மூலையில இருந்து மட்டும் சின்ன ஆரவாரம். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தம். ரீவியில பந்து இன்னும் லெவர்கூசனிட்டை வரவே இல்லை, ஆனால் அறைக்குள்ளை எல்லாருக்கும் தெரியும், கோல் போச்சு எண்டு. பிறகுதான் லெவர்கூசன்காரன் தாவின்ரை கோலை ரீவி காட்டிச்சுது, 17ஆம் நிமிசம். செத்த வீட்டுச் செய்தியை ரெண்டாம் தரம் கேட்ட மாதிரி.

மூண்டே நிமிசம். யன்னல் சட்டம் அதிர்ந்துது மச்சான், பொய் சொல்லேல்லை, மேசையில கிடந்த போத்தில்கள் கிணுகிணுத்துது. நாங்கள் என்ன நடந்தது எண்டு தெரியாமலே எழும்பிக் கத்திறம். கத்தி, கட்டிப்பிடிச்சு, ஒருத்தன் பியரைக் கொட்டி, அதைத் துடைக்கத் துணி எடுக்கேக்கைதான் ரீவியில எங்கடை வோர்ல் பந்தை அடிக்கிறான். பிறகு முதல் பாதி முடியப்போற மேலதிக நேரத்தில திரும்பவும் அதே அதிர்வு. இந்த முறை ஒருத்தரும் கத்தேல்லை. எல்லாரும் ரீவியைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில வைச்சுக்கொண்டு, கலியாண வீட்டில பந்திக்கு இருக்கிறமாதிரி காத்துக்கொண்டு இருந்தம். குரோசர் எண்ட பின்வரிசைக்காரன். 2–1.

ரெண்டாம் பாதியில ஆர் ரீவி பார்த்தது? ஒன்பது பேரும் ஜன்னலடியில. சத்தத்தைக் கொண்டே பந்து எங்கை நிக்குது எண்டு பிடிச்சுக்கொண்டு இருந்தம். மத்தியஸ்தர் கடைசி விசில் ஊதினது எங்களுக்குக் கேக்கேல்லை, அதுக்குப் பிறகு வந்த இரைச்சல்தான் கேட்டது. அந்த இரைச்சல் ‘பேர்லின், பேர்லின், நாங்கள் பேர்லினுக்குப் போறம்’ எண்ட பாட்டா மாறிச்சுது. இறுதியாட்டம் 1985இல இருந்து பேர்லினிலதானே. பின்னாலை ரீவியில லெவர்கூசன் இன்னும் பந்தை உயர்த்தி உயர்த்திப் போட்டுக்கொண்டு இருந்தான், பாவம்.

திடல் மட்டும் இருந்தால் போதும் எண்டு நான் சொல்ல வரேல்லை. 1994இல வெஸ்ரன்பேர்க்ஸ்கிறொய்த் எண்டு ஒரு கிராமத்துக் கிளப் பயேர்னை 1–0 எண்டு அடிச்சது தன்ரை திடலில இல்லை, நியூன்பேர்க்கில பெரிய மைதானம் எடுத்து. என்ரை வாதத்துக்கு அது உதவாது, இருந்தாலும் மறைக்கேல்லை. ஆனால் சார்புறூக்கனைப் பார். அதுவும் மூண்டாம் பிரிவு. 2023 நவம்பர் 1 பயேர்ன் அங்கை போய் 96ஆம் நிமிசத்தில கோல் வாங்கி 1–2. பிறகு ஃபிறாங்பேர்ட். அதுக்குப் பிறகு கிளாட்பாக் வந்தால் மழை வெள்ளம் நிண்டு ஆட ஏலாமல் போய், ஒரு மாதம் கழிச்சுத் திரும்ப வந்து, அவையும் மேலதிக நேரத்தில விழுந்தவை. வேறை ஊரில அந்த மழை பெய்யுமே? ஆகவே உங்கடை கொமிற்றியில ‘வருமானம் கூட வரும், எல்லா ஆட்டத்தையும் பட்டினத்து மைதானத்தில வைப்பம்’ எண்டு சொல்லுறவை இருப்பினம். விடாதை. காசுப் பக்கம் இஞ்சை வேறை வழியில சரிக்கட்டுறாங்கள். சுற்றுக்குச் சுற்று பரிசுத் தொகை ஏறக்குறைய இரட்டிக்கும், சின்ன கிளப்புக்கு ரெண்டு சுற்றே ஒரு வருசச் சீவியம்.

இறுதியாட்டம் மே 24. மூண்டாம் பிரிவிலயிருந்து அதுவரைக்கும் மூண்டு பேர் பேர்லினுக்குப் போனவை, 1993இல ஹேர்த்தாவின்ரை ரெண்டாம் அணி, 1997இல கொட்புஸ், 2001இல ஊனியோன். மூண்டுபேரும் தோத்தவை. கொட்புஸை அடிச்சதும் ஸ்ருட்காட்தான், எங்களுக்கு வாய்ச்சதும் ஸ்ருட்காட்தான். அங்கை உன்ரை திடல், என்ரை திடல் எண்டு ஒண்டும் இல்லை. முதல் நல்ல சந்தர்ப்பம் எங்களுக்குத்தான் கிடைச்சது, கோலுக்குப் பக்கத்தில நிண்டு தவறவிட்டாச்சு. 28 நிமிசத்துக்குள்ளை 0–3. வோல்டமாடே, மியோ, உண்டாவ். மனுசி ‘நிப்பாட்டுங்கோ, சாப்பிடுவம்’ எண்டா. 66இல நாலாவது. நான் சோத்துக் கோப்பையோடை வந்து இருந்தனான். 82ஆம் நிமிசம் எங்கடை கானியா ஒண்டு அடிச்சான், 85இல ஸ்ருட்காட் பெடியன் தன்ரை வலைக்குள்ளையே ஒண்டு. பக்கத்து வீட்டுக்காரன் சுவரில குத்தினான், எங்கடை சோறு ஆறிப்போச்சு. 4–2தான் கடைசி. முன்னம் நாலு கோல் வாங்கேக்கையும் எங்கடை பக்கத்துச் சனம் பாடுறதை நிப்பாட்டேல்லை. ஸ்ருட்காட் 28 வருசத்துக்குப் பிறகு கிண்ணம் எடுத்தது. எடுக்கட்டும், நல்லா ஆடினவங்கள், குறை சொல்ல ஒண்டுமில்லை.

அர்மீனியா லீக்கில முதலாவதா வந்து ரெண்டாம் பிரிவுக்கு ஏறியாச்சு. புதுசா ஏறினவை எண்டபடியால் வாற முதல் சுற்றுக்கு இன்னும் சின்னவையின்ரை சட்டிதான். குலுக்கல் இந்த மாதம் நடந்தது. ஓகஸ்டில வரப்போறது ஆர் தெரியுமே? திரும்பவும் வெர்டர் பிறேமன். அவங்கடை முகத்தைப் பார்க்க ஆசையாக் கிடக்கு. ரிக்கெற்றுக்கு இப்பவே சொல்லி வைச்சிருக்கிறன். கிடைக்காட்டில் அந்தப் பெடியன்ரை ஜன்னல் இருக்கு.

உங்கடை குலுக்கலில ஆருக்கு ஆர் விழுந்தது எண்டு எழுது. கிணத்தடி மூலையைக் கொங்கிறீற் போட்டு மூடப்போகினம் எண்டு தம்பி சொன்னான், உண்மையே? அதையும் விசாரிச்சு எழுது. மகளின்ரை சோதனை முடிவு வந்தால் ரெலிபோன் எடுக்கச் சொல்லு.

அன்புடன்,
சிவம்