பேருந்து நிற்கும் இருபது நிமிடத்துக்காக

மண்டபம்
சித்திரை 22

அன்பு நண்பா,

நலம். உன் நலமும் தங்கச்சியின் நலமும் அறிய ஆவல். கச்சான் காற்று இன்னும் முழு வேகம் எடுக்கவில்லை. விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால் ஜெட்டிப் பக்கம் ஆள் நடமாட்டமே குறைவு. தடைக்காலம் ஜூன் 14 வரை இருக்கிறதே, அதற்குள் நீங்கள் இருவரும் ஐஸ்லாந்து போய்த் திரும்பும்படி மகள் ஏற்பாடு செய்தது நல்ல காரியம். விசா வந்துவிட்டது என்ற சேதியும் பயணத் தாளும் சேர்ந்தே கிடைத்தன. தாளை இரண்டு முறை படித்தேன்.

எட்டு நாளில் தீவையே ஒரு சுற்று. அவர்களுடைய ஒன்றாம் எண் சாலை ஏறத்தாழ 1,320 கிலோமீட்டர். கிளை வழிகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு இடம் போட்டிருக்கிறார்கள், ஆகவே பல இடங்களில் பேருந்து இருபது நிமிடம்தான் நிற்கும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் இறங்கினால் அந்த இருபது நிமிடமும் போட்டோ எடுப்பதிலேயே போய்விடும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இருக்கை. தலைநகர் ரெய்க்யவிக்கில் கிளம்பிக் கிழக்கே போய் இடஞ்சுழியாகச் சுற்றுகிறீர்கள். ஆகவே கடல் எப்போதும் வலப்பக்கம், மலையும் பனியும் இடப்பக்கம். தினமும் இடம் மாற்றி உட்காரச் சொல்வது இந்தக் குழுக்களில் வழக்கம். தென்கரை வழியாகப் போகும் இரண்டு நாளும் இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கு. கடலை நீ வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறாய். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அதனால் பேருந்துக் கதவும் வலப்பக்கம்தான். இறங்கிச் சாலையைக் கடக்கும்போது நம் பழக்கத்தில் முதலில் வலது பக்கம் திரும்பிப் பார்ப்போம், வண்டியோ இடப்பக்கமிருந்து வரும். தங்கச்சியிடமும் இதைச் சொல்லிவை.

ஊர்ப் பெயர்கள் வாயில் நுழையாது, ஆனால் கடைசி அசையைப் பிடித்துக்கொண்டால் போதும். நம் பக்கம் பட்டினம், துறை என்று முடிவது மாதிரிதான். ‘ஃபோஸ்’ என்று முடிந்தால் அருவி, ‘யோகுல்’ என்றால் பனியாறு, ‘வீக்’ குடா, ‘வட்ன்’ ஏரி, ‘ஹஃப்ன்’ துறைமுகம்.

திங்வெட்லிர் பள்ளத்தாக்கில் 930-ஆம் ஆண்டில் கூடத் தொடங்கிய மக்கள் மன்றத்தைப் பற்றி வழிகாட்டி விரிவாகச் சொல்வார். கேட்டுக்கொண்டே பாறைச் சுவரையும் பார். பூமி மேலோட்டின் பெரும் பாளங்களான வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. விலக விலக நடுவில் உள்ள தரை கீழே இறங்கிவிட்டது. ஒரே பிளவைக் காட்டி, இந்தக் கால் ஒரு கண்டம், அந்தக் கால் இன்னொரு கண்டம் என்று சொல்வார்கள். எல்லை அப்படி ஒரு கோடு அல்ல, பல கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை. நீ நிற்கும் பள்ளத்தாக்கு முழுவதுமே அந்த எல்லைதான்.

அதே நாளில் ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 15, 20 மீட்டர் உயரம் பீய்ச்சும். குறுகலான குழாய்க்குள் நீர் நிற்கிறது. மேலே உள்ள நீரின் கனம் அழுத்துவதால் அடியில் உள்ள நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் கிடக்கிறது, குக்கருக்குள் நடப்பதுபோலத்தான். சூடு ஏறி மேல்நீர் கொஞ்சம் வழிந்ததும் அழுத்தம் குறைந்து அடிநீர் மொத்தமும் ஒரே மூச்சில் ஆவியாகிவிடும். பீய்ச்சுவதற்கு ஒரு நொடி முன்னால் நீர்ப்பரப்பு நீலக் குமிழாக உப்பும். அதைப் பார்க்கத் தவறாதே. காற்று வரும் பக்கமாக நில், இல்லாவிட்டால் சாரல் முழுக்க உன்மேல்தான். கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதே, தரை கெட்டியாகத் தெரிந்தாலும் மேலோடு மெல்லியது.

தென்கரையில் செல்யலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் இரண்டும் சுமார் 60 மீட்டர் உயர அருவிகள். அவை விழும் செங்குத்துப் பாறை ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தது. வெள்ளம் கொண்டுவந்த மண்ணும் மணலும் சேர்ந்து கடலைப் பல கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டன. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை அறிந்த நமக்கு, கடல் பின்வாங்கிய இடத்தைப் பார்ப்பது பெரிய விஷயம். முதல் அருவியின் பின்புறமாகச் சுற்றி வரலாம். மழைச் சட்டையோடு மழைக் கால்சட்டையும் வேண்டும்.

இந்த இரண்டு அருவிகளுக்கும் மேலே இருப்பதுதான் எயாஃப்யட்லயோகுல். 2010 ஏப்ரலில் ஐரோப்பிய விமானங்களை நாள்கணக்கில் தரையிறக்கி வைத்த எரிமலை. மலை அவ்வளவு பெரிதில்லை, பனிக்கடியில் வெடித்ததுதான் விஷயம். சூடான அரிக்கேன் சிம்னிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? பனி உருகிய நீர் கற்குழம்பில் பட்டதும் அதுவும் அப்படியே தெறித்து, கண்ணாடித் தூளாக மேலே போனது. வெறும் பாறைமேல் வெடித்திருந்தால் இவ்வளவு நுண்ணிய தூள் கிளம்பியிருக்காது.

பனிக்கடி நெருப்பின் இன்னொரு முகம் வெள்ளம். 1996-இல் மலைகளையே மூடிக் கிடக்கும் வாட்னயோகுல் பனிக்கவிகைக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகிய நீர் உடனே வெளியே வரவில்லை. பனிக்குள்ளேயே ஒரு மாதத்துக்கும் மேல் தேங்கி, நவம்பர் 5 அன்று உடைத்துக்கொண்டு வந்தது. வீடு அளவுப் பனிக்கட்டிகள் மோதிச் சாலைப் பாலம் போயிற்று. முறுக்கிய இரும்பு கர்டர்களை ஸ்காஃப்டாஃபெல் அருகே சாலையோரத்தில் நினைவாக வைத்திருக்கிறார்கள். உன் தாளில் அந்த இடம் இல்லை. ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லி வழிகாட்டியிடம் முந்தின நாளே கேள். 64 புயலில் பாம்பன் பாலம் போனதைப் பார்த்த ஊர்க்காரன் அந்த இரும்பைப் பார்க்காமல் வரக்கூடாது.

இப்போது ரெய்னிஸ்ஃபியாரா. கருமணல் கடற்கரை. இங்கே நீ கவனமாக இரு, உனக்குக் கடல் தெரியும் என்பதாலேயே சொல்கிறேன். நம் வடகடல் ஆழமில்லாத குளம் மாதிரி, தென்கடலில் பவளத்திட்டும் தீவுகளும் அலையை வாங்கிக்கொள்ளும். அங்கே தெற்கே அண்டார்டிகா வரை தடுக்க நிலமே இல்லை. பெருங்கடலில் கிளம்பிய நெடிய அலை, கரையருகே சட்டென்று ஆழம் குறையும் இடத்தில் ஏறி அடிக்கும். பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு ஒரே அலை முப்பது நாற்பது மீட்டர் உள்ளே ஓடிவரும். திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும், குளிரும் கனத்த உடுப்பும் நீந்த விடாது. ஆட்கள் இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்கு சிவப்பில் இருந்தால் மேட்டிலேயே நின்று பார். இல்லாவிட்டாலும் கடலுக்கு முதுகு காட்டாதே. மணல் காய்ந்திருப்பதைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதே. குகைக்குள் ஒதுங்கிவிட்டால் அலை வரும்போது வெளியேற வழி இராது.

அந்தக் குகையைச் சுற்றி எழுதுகோல் அடுக்கினதுபோல் கருந்தூண்கள் நிற்கும். வற்றிய கண்மாயில் வண்டல் வெடித்துக் கட்டம் கட்டமாகக் கிடக்குமே, அதே கணக்குதான். மண் காய்ந்து சுருங்குகிறது, கற்குழம்பு ஆறிச் சுருங்குகிறது. வெடிப்பு ஆறும் பக்கத்திலிருந்து உள்நோக்கி நேராக இறங்குவதால் கட்டம் தூணாகிவிடுகிறது. எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார், ஆறு பக்கமே அதிகம் இருக்கும், ஐந்தும் ஏழும் கலந்திருக்கும்.

வீக் என்ற ஊரைத் தாண்டியதும் பாசி மூடிய கரடு மைல்கணக்கில் வரும். 1783 ஜூனில் லாகிப் பிளவு திறந்து எட்டு மாதம் கக்கிய குழம்பு அது. புகையில் இருந்த ஃப்ளோரின் புல்லில் படிந்து ஆடுமாடு செத்தது, அதன் பின் வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போனார்கள். பாசிமேல் மட்டும் நடக்காதே. ஒரு காலடி பட்ட இடம் ஆற எத்தனையோ ஆண்டு ஆகும்.

பனியாற்று நடை தாளில் விருப்பத் தேர்வாக இருக்கிறது. போ. மூன்று மணி நேர நடை என்றால் பனிமேல் இருப்பது பெரும்பாலும் ஒரு மணி, ஒன்றரை மணிதான். கணுக்காலை மூடும் கெட்டி அடிப்பகுதியுள்ள பூட்ஸ் கட்டாயம். பனியில் வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் முள்செருப்பு ஓட்ட ஷூவில் நிற்காமல் கழன்றுவிடும். கால்சட்டையின் கீழ்ப்பகுதி தொளதொளவென்று இருந்தால் முள் மாட்டி விழ நேரும். அதனால் காலை கொஞ்சம் அகட்டி, பாதத்தை முழுசாகத் தட்டையாக வை. இறக்கத்தில் முழங்காலைச் சிறிது மடக்கு. வெயில் அடித்தாலும் கையுறையைக் கழற்றாதே, விழுந்தால் பனி கண்ணாடிபோல் உள்ளங்கையைக் கிழிக்கும். பனியில் கறுப்பு வரிகள் தெரியும், அது பழைய வெடிப்புகளின் சாம்பல். சாம்பல் மெல்லியதாகக் கிடந்தால் வெயிலை வாங்கிப் பனி சீக்கிரம் உருகும், தடிமனாகக் கிடந்தால் போர்வைபோல் பனியைக் காக்கும். அதனால்தான் ஆள் உயரக் கறுப்புக் கூம்புகள் ஆங்காங்கே நிற்கின்றன. குவிந்த மண் என்று நினைப்பாய், தட்டினால் உள்ளே பனி இருக்கும்.

யோகுல்சார்லோன் ஏரி 1930-களின் நடுவில் பனியாறு பின்வாங்கியபோது தோன்றத் தொடங்கியது. இன்று ஆழம் 200 மீட்டருக்கு மேல். கடலோடு சின்ன வாய்க்கால் சேர்ப்பதால் ஏற்ற வற்றம் உள்ளே தெரியும். வற்றத்தில் பனிக்கட்டிகள் கடலுக்குப் போகும், அலை அவற்றை எதிரே உள்ள கருமணலில் திருப்பி எறியும். ஏரியைப் பார்த்ததும் சாலையைத் தாண்டி அந்தக் கரைக்கும் போய்வா. ஆழ்ந்த நீலத்தில் ஒரு கட்டி தெரிந்தால் அது அண்மையில் புரண்டது என்று அர்த்தம். வெயிலும் காற்றும் பட்ட பழைய முகம் வெளுத்துவிடும்.

அன்றிரவு ஹஃப்ன் துறைமுகத்தில் தங்கல். அந்த ஊர் மீனவர்களின் கவலையை நீ கேட்டறிய வேண்டும். பனியின் பாரம் குறையக் குறைய அங்கே நிலம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயர்கிறது. படகு நுழையும் வாய் ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. உருகிய நீர் அங்கே கடலை உயர்த்துவதில்லை. பெரிய பனித்திரளின் ஈர்ப்பு குறைவதால் அருகில் உள்ள கடல் தாழ்ந்து, தொலைவில் உள்ள நம் பக்கம்தான் சராசரிக்கும் கூடுதலாக உயர்கிறது. ஐஸ்லாந்துப் பனி முழுதும் உருகினாலும் உலகக் கடல் ஒரு சென்டிமீட்டர் அளவே ஏறும். ஆனால் அருகில் தாழ்ந்து தொலைவில் உயரும் இந்தக் கணக்கு பெரும் பனி கொண்ட கிரீன்லாந்துக்கும் பொருந்தும் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

வடக்கே டெட்டிஃபோஸ் அருவியின் பழுப்பு நிறம் பனியாறு அரைத்த பாறைமாவு. மீவட்ன் என்றால் கொசு போன்ற சிறு பூச்சிகளின் ஏரி, பெயர் பொய்யில்லை. ஜூனில் தலைக்கு வலை வேண்டும்.

காற்றுதான் பயணத் திட்டத்தைக் கெடுக்கும். மலையடிவாரங்களில் பலத்த வீச்சு வந்தால் சாலையை மூடிவிடுவார்கள், பேருந்து நிற்கும், ஓர் இடம் விட்டுப்போகும். அதற்காக வழிகாட்டியோடு வாதாடாதே. குடையை எடுத்துப்போகாதே. பருத்திப் பனியனை வீட்டில் வைத்துவிட்டுக் கம்பளி உள்ளாடை, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத சட்டை என்று மூன்று அடுக்கு வை. பருத்தி நனைந்தால் காயாது. நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், தூங்கக் கண்பட்டி எடுத்துக்கொள். குழாயில் குளிர்நீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீர் பூமிக்கடியிலிருந்து வருவது, கையைச் சுட்டுவிடும், கந்தக வாடையும் அடிக்கும். வெள்ளி கறுத்துப்போகும், தங்கச்சியின் மெட்டியைப் பற்றி முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பின் எண் உள்ள கார்டு போதும், கழிப்பறைக் கட்டணம்கூட அதிலேயே.

கடைசி நாள் நீலக் குளம், ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்தின் வெளியேற்று நீர். தலைமுடியில் சிலிக்கா படிந்து விறைக்கும், முன்னதாகக் கண்டிஷனர் தடவச் சொல். 2023 டிசம்பரிலிருந்து அப்பகுதியில் பலமுறை எரிமலை வெடிப்பு நடந்திருப்பதால் குளம் திடீரென மூடப்படலாம். பக்கத்துக் கிரிண்டாவிக் மீன்பிடி ஊரை அதற்கு முந்தைய மாதமே காலிசெய்தார்கள்.

கருவாடு கேட்டிருந்தாய். அங்கே உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே காயவைத்த காட் மீன் கிடைக்கும், வெண்ணெய் தடவித் தின்பார்கள். எனக்கு ஒரு பொட்டலம் வாங்கி வா. நம் நெத்திலிக் கருவாடு இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், கிளம்புவதற்குள் பாம்பன் வரும் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். இது வீட்டுக்குத்தான், பயணத்துக்கு எடுத்துப்போகாதே.

அன்புடன்,
உன் மண்டபத்து நண்பன்