ஓராண்டு கழித்தும் அவரை ஒருமுறை கேளுங்கள்

விபத்துக் காயத் தரவுத்தளத்தை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். டிஸ்சார்ஜ் ஆகி ஓராண்டுக்குப் பிறகு நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் பதியுங்கள் என்று கேட்டு நாங்கள் அனுப்பிய விண்ணப்பத்துக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. 'தற்போதைய படிவத்தில் இதற்கு இடமில்லை.' மூன்றாவது முறையாக அதே வரி. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

உங்கள் தளத்தில் உள்ள ஒரு பதிவைச் சொல்கிறேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்த நிலையில் ஓர் இளைஞர் வந்தார். எலும்புக்குள் ராட் (உலோகக் கம்பி) வைத்தோம். பத்து நாளில் வீட்டுக்குப் போனார். உயிர் பிழைத்தார், சிக்கல் இல்லை என்று அவருடைய பதிவு அன்றே மூடப்பட்டது. ஒன்பது மாதம் ஆகியும் எலும்பு சேரவில்லை. உள்ளே சீழ். ராட்டை எடுத்தோம், கெட்டுப்போன எலும்பை வெட்டினோம், இடுப்பெலும்பிலிருந்து எடுத்து வைத்தோம். ஒரு வருடம் முடிந்தபோது ஊன்றுகோலோடு ஓபி வாசலில் நின்றார். வேலை போய்விட்டது என்றார். இதில் ஒரு சொல்கூட உங்கள் தளத்தில் இல்லை.

கால் உடைந்து வருபவர்களில் பெரும்பாலோர் சாவதில்லை. எலும்பு சேர்ந்ததா, சீழ் பிடித்ததா, நடக்கிறாரா என்பதெல்லாம் டிஸ்சார்ஜுக்குப் பிறகு தெரிய வருபவை. அவை இல்லாததால் ஆய்வு செய்பவர்கள் இருப்பதை வைத்து எழுதுகிறார்கள்: இறப்பு, படுக்கையில் கிடந்த நாட்கள். எலும்பைப் பிடித்து நிறுத்தக் காலுக்கு வெளியே உலோகச் சட்டம் பொருத்தியவர்களையும் ராட் வைத்தவர்களையும் ஒப்பிட்டு, வெளிச் சட்டம் மோசம் என்று முடிவு கட்டிவிட முடியும். தசையும் தோலும் மிகவும் சிதைந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் சட்டம் போடுகிறோம். அந்தச் சிதைவு உங்கள் படிவத்தில் இல்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தாலும் இந்தப் பிழை போகாது, தவறான முடிவு இன்னும் உறுதியானதுபோலத் தெரியும், அவ்வளவுதான். அந்த முடிவை நம்பி நாளை யாரோ ஒரு காலில் கத்தி வைப்பார்.

தீவிரக் கணக்கும் அப்படித்தான். 1974-இல் வந்த காயத் தீவிர மதிப்பெண், உடலை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒரு காயத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. இரு கால்களும் ஒரே பகுதி என்பதால், ஒரு தொடை எலும்பு உடைந்தவருக்கும் 9, இரண்டும் உடைந்தவருக்கும் அதே 9. இதைத் திருத்திய முறை 1997-லேயே வந்துவிட்டது. நீங்கள் இன்னும் பழைய எண்ணை மட்டும் தருகிறீர்கள். அப்புறம், நிரப்பாமல் விட்ட கட்டங்கள்! சிக்கல் என்ற கட்டம் காலியாக இருந்தால் சிக்கலே இல்லை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எழுதாமல் விட்டதை எப்படி நடக்காததாக எண்ணலாம்?

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஓராண்டு நிலையைப் பதியுங்கள். முடியாத காரியம் இல்லை. 2011-இல் தொடங்கிய ஸ்வீடன் எலும்பு முறிவுப் பதிவேடு, ஓராண்டு கழித்து நோயாளிக்கே கேள்வித்தாள் அனுப்புகிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2003 முதல் எலும்புக் காயம் பட்டவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறார்கள்.

உங்களிடம் ஆள் பற்றாக்குறை என்பது தெரியும். இரவில் உட்கார்ந்து பதிவுகளை ஏற்றுபவர்களின் சுமையை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் எல்லோரையும் கேட்கச் சொல்லவில்லை. தோல் கிழிந்த முறிவுகளில் மட்டும் தொடங்குங்கள். நான்கு கேள்விகள் போதும்: எலும்பு சேர்ந்ததா, சீழ் வந்ததா, மறுபடி அறுவை நடந்ததா, வேலைக்குத் திரும்பினாரா.

அடுத்த கூட்டத்தில் இதை விவாதிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆறு மாதத்துக்கு அழைப்புகளைச் செய்ய எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேரைத் தருகிறோம்.

இப்படிக்கு,
எலும்பு முறிவு அறுவை மருத்துவர் ஒருவர்