மாத்திரை எழுதும்போது அதையும் சொல்லுங்கள் டாக்டர்

வடசென்னையில் பார்க்கின்சன் நோயாளிகளைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நடுக்கத்துக்கு நீங்கள் எழுதும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க நான் வரவில்லை. 2010இல் வந்த அந்தப் பெரிய ஆய்வை நீங்கள் படித்திருப்பீர்கள். 3,090 நோயாளிகள். இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், கண்டதையும் வாங்குவது, அளவில்லாமல் தின்பது, காம இச்சை என்று ஏதோ ஒன்று கைமீறிப் போயிருந்தது. சாப்பிடாதவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவு. இவ்வளவும் தெரிந்த நீங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிற எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். சம்பளக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்துவிட்டு, டீக்காசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன மனுஷன். பார்க்கின்சனுக்காக அவர் சாப்பிட்ட இந்த மாத்திரையின் அளவைக் கூட்டிய பிறகு போனில் பணம் கட்டி ரம்மி ஆட ஆரம்பித்தார். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு அது நின்றதும் மூணு நம்பர் லாட்டரிக்குப் போனார். (லாட்டரிக்குத் தமிழ்நாட்டில் 2003லேயே தடை, கேட்டால் சிரிப்பார்கள்.) அம்மாவின் கம்மல் அடகுக்கடையில் இருக்கிறது. பீரோ சாவியைத் தாலிச்சரடில் கோத்துப் போட்டுக்கொண்டுதான் அவள் படுப்பாள். நடுராத்திரியில் அப்பாவின் கை அந்தச் சாவியைத் துழாவும். அம்மா விழித்துக்கொண்டுதான் இருப்பாள், ஆனால் கண்ணைத் திறக்க மாட்டாள், திறந்தால் அவர் கூனிக்குறுகிப் போவாரே என்று. தெருவிலோ, பெருசுக்கு இந்த வயசில் புத்தி கெட்டுவிட்டது என்று பேச்சு.

ரிவ்யூவுக்குப் போனால் நடுக்கம் குறைந்ததா, மலச்சிக்கல் உண்டா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் வேறொரு டாக்டர்தான், "ஏதாவது சூதாடுகிறாரா?" என்று கேட்டார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதுவே வேறு தொல்லை, பதற்றமும் மனச்சோர்வும் வரும் என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். வெறி அடங்கிவருகிறது. போன பணம் போனதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எழுதும்போதே சொல்லுங்கள், தமிழில், வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் எல்லாம் போட்டிருக்கிறது என்று பதில் சொல்லாதீர்கள். மெடிக்கலில் பத்து மாத்திரையை வெட்டித் தரும்போது அந்தச் சீட்டு எங்கே வருகிறது? வந்தாலும் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். ரம்மி விளம்பரக்காரன்கூட வாய்க்குள் முணுமுணுத்தாவது அடிமையாகிவிடுவீர்கள் என்று எச்சரித்தான். நீங்கள் அதைவிட நிதானமாகச் சொல்ல மாட்டீர்களா?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.யில் கூட்டம் எப்படி நெரிகிறது என்பதை நானும் பார்க்கிறேன். ஆனாலும் எழுதும்போது சொல்லுங்கள், ஒவ்வொரு ரிவ்யூவிலும் கேளுங்கள். அவரிடமே கேட்டால் வெட்கத்தில் இல்லை என்றுதான் சொல்வார். அவரை ஒரு நிமிடம் வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவரிடம் வீட்டில் பணம் காணாமல் போகிறதா என்று தயவுசெய்து கேளுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள்