படத்தை மட்டும் நம்பாதே

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநோயாளிப் பிரிவுக்கு மாறியிருக்கிறாய் என்று அறிந்து சந்தோஷம். மலம் கழிக்கச் சிரமப்படுவதாக நீ எழுதியிருந்த அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படத்தில் 2 செ.மீ. மலக்குடல் பிதுக்கம் (மலக்குடலின் முன்சுவர் யோனிப் பக்கமாகப் புடைப்பது) தெரிகிறது என்பதற்காக அறுவை சிகிச்சைக்கு அனுப்பிவிடாதே. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடம்கூட அந்த அளவுப் பிதுக்கம் சாதாரணமாகக் காணப்படும். அது அவருடைய சிரமத்துக்குக் காரணமா, முக்கி முக்கி வந்த விளைவா என்பதைத் தசை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

மலம் கழிக்கும்போது வயிற்றழுத்தம் ஏற வேண்டும். அதே நொடியில் மலக்குடலைப் பின்னாலிருந்து கொக்கி போல் இழுத்துப் பிடித்திருக்கும் பியூபோரெக்டாலிஸ் தசையும் ஆசனவாயின் வெளிச் சுருக்குத்தசையும் தளர வேண்டும். சிலருக்கு இவை தளராமல் இறுகுகின்றன. மலமிளக்கியைக் கூட்டிக்கொண்டே போனாலும் இவர்களுக்குக் குறை தீராது. மலத்தை விரல் வைத்து எடுக்க வேண்டியிருக்கிறதா என்று நீயே கேள், வெட்கத்தில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

முதல் பரிசோதனை உன் கையில்தான் இருக்கிறது. ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கை விரலை ஆசனவாயில் வைத்தபடி முக்கச் சொல். வயிறு இறுகுகிறதா, விரலைச் சுற்றிய பிடி விடுகிறதா, கூடுகிறதா என்று பார். பலரும் இதைத் தவிர்த்துவிட்டு நேரே ஸ்கேனுக்கு எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்தது பலூன் சோதனை. 50 மி.லி. வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பலூனை மலக்குடலில் வைத்து, கழிப்பறை நாற்காலியில் தனியாக உட்காரவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள், தாராளமாக வைத்தால் இரண்டு நிமிடத்துக்குள், வெளியேற்றிவிட வேண்டும். செலவு குறைவு, சொல்லும் விஷயம் அதிகம்.

மனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையில், உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய் (கதீட்டர்) மலக்குடல், ஆசனவாய் ஆகிய இரண்டு இடத்து அழுத்தத்தையும் ஒருசேரக் கோடுகளாகக் காட்டும். முக்கும்போது மலக்குடல் கோடு 40 மி.மீ. பாதரசத்துக்கு மேல் ஏறி, ஆசனவாய்க் கோடு இறங்கினால் சரி. முதல் கோடு 60-க்குப் போயும் இரண்டாவது கோடு 70-லிருந்து 110-க்கு ஏறினால், தள்ளும் விசை இருக்கிறது, வாசல்தான் மூடுகிறது. இரண்டாவது கோடு அசையாமல் இருந்தாலோ, 20 சதவீதத்துக்கும் குறைவாக இறங்கினாலோ அது தளர்வுக் குறை. முதல் கோடே ஏறாவிட்டால் தள்ளும் விசையே போதவில்லை. முக்கக் கற்றுக்கொடுப்பதே அங்கே பாதிச் சிகிச்சை.

இதில் ஒரு பெரிய பொறி உண்டு. இடப்பக்கம் படுக்கவைத்து, பக்கத்தில் ஆட்கள் நிற்க, வெறும் மலக்குடலோடு முக்கச் சொன்னால் ஆரோக்கியமானவர்களில் பலருக்கும் இதே கோளாறான வடிவம் வரும். அதனால் முக்கும் முறையை முன்பே விளக்கி, இரண்டு மூன்று முறை பதிவு செய்து, அதில் சிறந்ததைப் பார்க்க வேண்டும். தசையின் மின்னசைவைப் பதியும் ஈ.எம்.ஜி.யிலும் அப்படியே: முக்கும்போது தசையின் மின்னலைகள் அடங்க வேண்டும், கூடக் கூடாது. ஊசி மின்முனை குத்தும் வலியே தசையை இறுக்கிவிடும் என்பதால் இதற்கு மேற்பரப்பு மின்முனை அல்லது ஆசனவாயில் செருகும் மின்முனை போதும்.

படங்களுக்கு வருவோம். பேரியம் கலவையை மலக்குடலில் செலுத்தி, அதை வெளியேற்றும்போது எக்ஸ்ரே எடுக்கும் பேரியம் டெஃபிகோகிராபியில் உட்கார்ந்தே கழிப்பதால் இயல்புக்கு நெருக்கம், கதிர்வீச்சு உண்டு. எம்.ஆர்.ஐ.யில் ஜெல் செலுத்திப் பெரும்பாலும் படுத்த நிலையில் எடுப்பார்கள். கதிர்வீச்சில்லை, குடல் இறக்கமும் கருப்பை இறக்கமும் சேர்ந்தே தெரியும். ஆனால் ஜெல்லை வெளியேற்றாமலே படத்தை முடித்துவிட்டால் உட்செருகலும் (மலக்குடல் சுவர் தனக்குள்ளேயே மடிந்து இறங்குவது) பிதுக்கமும் மறைந்துபோகும். ரிப்போர்ட்டில் எவ்வளவு வெளியேறியது என்று எழுதியிருக்கிறதா, முதலில் அதைப் பார்.

குடல் செயல்பாட்டுக் கோளாறுகளுக்கான ரோம் 4 என்ற சர்வதேச வரையறைப்படி, அறிகுறிகளோடு பலூன், மனோமெட்ரி அல்லது ஈ.எம்.ஜி., படம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சோதனைகள் கோளாறு காட்ட வேண்டும். அப்படி ஒத்துப்போனால் பயோஃபீட்பேக் பயிற்சிதான் (தசையின் அசைவைத் திரையில் பார்த்தே தளர்த்தப் பழகுவது) முதல் வழி. உன் நோயாளிக்கு இதுவரை ஒன்றுதான் நடந்திருக்கிறது. பலூன் சோதனையும் மனோமெட்ரியும் செய்யச் சொல். முடிந்ததும் ரிப்போர்ட்டோடு கோடுகளின் பிரதியையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மீனா